மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக் காசு

சுதந்திர வெள்ளி விழாவுக்காக அரசாங்கம் வெளியிட்ட பத்து ரூபாய் வெள்ளி நாணயம் தர்மபுரிக்கு வந்து சேர்ந்த சமயம் அது. எழுபதுகளின் தொடக்கம். எனக்குத் திருமணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது; மகளுக்கு ஒன்றரை வயது. தொப்பூர் கணவாய்க்கு இந்தப் பக்கம், பெங்களூர் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாமியாரோடு இருந்தோம். என் கணவர் தர்மபுரியில் ஒரு வங்கியில் எழுத்தர்.

அவருக்குச் சீட்டு, சிகரெட் என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. “மாப்பிள்ளைய மாதிரி ஒரு மனுஷனப் பாக்க முடியாது” என்று கடத்தூரில் என் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவருடைய வெள்ளிக் காசுப் பைத்தியம் அவருக்குத் தெரியாது. கூடவே குடும்பம் நடத்துகிற எனக்கல்லவா தெரியும்!

எந்த நினைவு நாணயம் பிற்காலத்தில் விலை போகும் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. வங்கி வேலையெல்லாம் அதற்கு அப்புறம். அதற்கு முன்பு தேசப்பிதாவின் நூற்றாண்டுக்காக வந்த நாணயத்தை ஊரே வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தது. அதில் வெள்ளி அதிகம். வெள்ளி விழா நாணயம் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் பாதிதான் வெள்ளி. ஆனால் இவர் கணக்கே வேறு.

“எல்லாரும் பொத்திப் பொத்தி வச்சிருக்கற காசு எப்படி ஏறும், சொல்லு? இதைத்தான் பாதி வெள்ளின்னு மூக்கைச் சுளிக்கறாங்க. செலவு பண்ணிடுவாங்க, உருக்கிடுவாங்க. கீறல் படாத ஒண்ணுக்கு நாளைக்கு அடிச்சிக்குவாங்க, பாரு!”

அந்தக் ‘கீறல் படாத ஒண்ணை’ அவர் தேர்ந்தெடுத்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல, வங்கிக்கு வந்த நாணயங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பொறுக்கியிருக்கிறார். வருடத்துக்குக் கீழே, எந்தச் சாலையில் அச்சடித்தது என்று காட்டும் குட்டிப் புள்ளி இருக்கிறதா, விளிம்பு மழுங்காமல் இருக்கிறதா என்று அத்தனையும் பார்த்து ஒன்றை எடுத்து வந்தார். பஞ்சு விரித்த பிஸ்கட் டின்னில், மற்ற நாணயங்களோடு அது குடியேறியது. அதை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். துடைக்கக் கூடாது. மேலே மூச்சுகூடப் படக் கூடாதாம்.

“அப்போ நாங்க மூக்கப் பொத்திக்கணுமா, இல்ல அதுக்கு ஒரு முக்காடு போட்டு விடணுமா?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

எனக்கு மட்டும் வராதா? பெற்ற மகளை அவர் அப்படிப் பதமாகத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. தவிட்டு மூட்டை மாதிரி ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் செய்தித்தாளோடு போவார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் அல்ல.

அடுத்த சித்திரையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் சாதாரணமாக இருந்த உடம்பு மத்தியானத்துக்குள் கொதித்தது. கண் மேலே செருகியது. இவர் வேலைக்குப் போயிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியார் மஞ்சளில் துணியை நனைத்துக்கொண்டு வந்து, “மாரியாத்தாவுக்கு முடியணும், ஒரு காசு குடும்மா!” என்று கத்தினார். வீட்டில் கிடந்தது பத்து பைசா. குழந்தையின் உயிருக்குப் பத்து பைசாவை முடிய யாருக்கு மனசு வரும்? பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினேன். இருப்பதிலேயே பெரிதாக, பளபளவென்று மின்னியது எதுவோ, அதை எடுத்து ஈரத் துணியில் முடிந்து சாமி படத்தின் ஆணியில் மாட்டிவிட்டார். நாங்கள் பஸ் பிடித்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

கடவுள் புண்ணியம், ஊசியிலும் மருந்திலும் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை சிரித்துக்கொண்டு வீடு திரும்பியது. இவர் டின்னைத் திறந்தார்.

பஞ்சில் ஒரு குழி காலி. ஆணியில் தொங்கிய முடிச்சைப் பார்த்துவிட்டு, “ஏம்மா... எந்தக் காசம்மா முடிஞ்ச?” என்று மெல்லிய குரலில் கேட்டார்.

“பெருசாத்தான் முடிஞ்சேன். ஆத்தாளுக்குப் போய் சின்னதா போடறதா?”

நேர்ந்து முடிந்த காசை மாற்றக் கூடாது, நேர்த்தி செலுத்தும் நாள்வரை முடிச்சை அவிழ்க்கவும் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் விட்டாரா? அதற்குப் பதிலாக நூற்றாண்டு நாணயம் போடுகிறேன், அதில் வெள்ளி அதிகம் என்றார். வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன் என்றார். மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“காச்ச வந்தது எம் பேத்திக்கி. பக்கத்து வூட்டுப் புள்ளையக் காட்டியா நான் வேண்டிக்கிட்டேன்? போடா!”

பூசாரியிடமும் போய்க் கேட்டிருக்கிறார். “எனக்கொண்ணும் இல்லீங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டா நீங்களே பேசிக்குங்க” என்றாராம் அவர். அதற்கப்புறம் தினமும் காலையில் சாமி கும்பிடுகிற சாக்கில் ஆணியையே பார்த்துக்கொண்டு நிற்பார். “ஈரத் துணி... மஞ்சள்... கறுத்திருக்கும்” என்று முணுமுணுப்பார். மந்திரம் சொல்கிறார் என்று மாமியாருக்குச் சந்தோஷம்.

ஆடித் திருவிழா வந்தது. கோயிலில் நெரிசலான நெரிசல். வழக்கம்போல மகளை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, முடிச்சோடு உண்டியல் முன்னால் நின்றார். வாய் சின்னது, முடிச்சு நுழையவில்லை. மாமியார் முடிச்சை அவிழ்த்துக் காசை அவர் கையில் கொடுத்தார். மஞ்சள் ஏறி, ஓரம் கறுத்திருந்தது. அப்போதும் மனிதர் அதை விளிம்பில்தான் பிடித்தார்! உண்டியலில் வைத்து அழுத்தினார். காசும் நுழையவில்லை. அந்த உண்டியல் செய்த காலத்தில் இவ்வளவு பெரிய காசு ஏது?

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “பாத்தியாம்மா, ஆத்தாளே வேண்டாம்னுட்டா!” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

சொல்லி வாய் மூடவில்லை, வெளியே அதிர்வேட்டு போட்டார்கள். குழந்தை வீலென்று கத்திக்கொண்டு வில்லாய் வளைந்து அவர் இடுக்கிலிருந்து நழுவியது. கீழே கருங்கல் தளம். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த கணம் பார்க்கிறேன், இரண்டு கைகளாலும் அவளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நிற்கிறார். காசு கணீரென்று தளத்தில் விழுந்து, படியில் உருண்டு, கூட்டத்தின் காலுக்குள் போய்விட்டது. நாலு பேர் “காசு, காசு!” என்று குனிந்து தேடினார்கள்.

“ஒண்ணுமில்ல சாமி, அப்பா இருக்கேன், அப்பா இருக்கேன்” என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“என்னங்க, காசு...” என்றேன்.

“எந்தக் காசு?” என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

யாரோ ஒரு அம்மா தேடி எடுத்துக் கொடுத்தார். நெடுகக் கீறல். மாமியார் அதைப் பூசாரியின் தட்டில் போட்டார். பிறகு கோயில்காரர்கள் ஆசாரியிடம் கொடுத்து, அதில் ஒரு வளையம் பற்றவைத்து அம்மன் கழுத்து மாலையில் கோத்துவிட்டார்கள். இன்றும் திருவிழாவுக்குப் போனால் இவர் எட்டி எட்டிப் பார்த்து, “மேலயே பத்த வச்சுட்டான் பாரு, இனி எவன் வாங்குவான்!” என்பார். உடனே பயந்துகொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

மகளுக்கு இப்போது பேரன் பேத்தி எடுக்கிற வயது. அந்த பிஸ்கட் டின் இன்னும் இருக்கிறது. யாராவது ஒரு வெள்ளி நாணயத்தைக் கொண்டுவந்து இது விலை ஏறுமா என்று கேட்டால் போதும், புள்ளி, விளிம்பு, கீறல் என்று ஆரம்பித்துவிடுவார். நான் காப்பி போட எழுந்து போய்விடுவேன். ஆனால் அவரோடு எவ்வளவு பெரிய சண்டை வந்தாலும், கோயிலில் குழந்தையை அணைத்துக்கொண்டு “எந்தக் காசு?” என்று கேட்டாரே, அந்தக் குரல் நினைவுக்கு வந்ததும் என் கோபம் போன இடம் தெரியாமல் போய்விடுகிறது.