பின்சில்லுக் கட்சிக்காரர்

பழுகாமத்து வினாயகமூர்த்திக்கு ஒரேயொரு மனக்குறை. கார்க் கம்பனிகள் எல்லாம் எஞ்சின் முன்சில்லைச் சுழற்றி இழுக்கிற கார்களுக்கு மாறிவிட்டன. பின்சில்லு தள்ளுகிற, நாலு கதவுள்ள, பறந்து போகக்கூடிய காரை இனி யார் செய்வது? அவர் வாடகைக்கு ஹயர் ஓடிய பழைய காரில் ஏறியவர்கள் எல்லோரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாம் கியர் போடுவதற்குள் அடுத்த இராணுவச் சென்றி வந்து மறித்துவிடும் வீதிகளில், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போன பெண்கள்கூடத் தப்பவில்லை.

யுத்த நிறுத்தம் வந்த வருடம், கிணறு கட்டிக்கொடுக்கும் நிறுவனமொன்று அவரைக் காரோடு வாடகைக்கு எடுத்தது. ஜப்பான்காரர் மொரிட்டாவையும், அவருக்கு மொழிபெயர்க்கும் காத்தான்குடி றம்லாவையும் ஏற்றித் திரிவதுதான் வேலை. மொரிட்டா முன்பு ஒரு கார்க் கம்பனியில் எஞ்சினியராக இருந்தவர் என்று அறிந்ததும் வினாயகமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பனிச்சங்கேணிக்குப் போகும் வழி முழுக்க அவர் வாதாடினார். றம்லா ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னாள். மொரிட்டா தலையாட்டினார்.

"இவ்வளவு நேரம் பேசினன். நீ என்னத்தைச் சொன்னாய், புள்ள?"

"றோட்டு சரியில்லை எண்டு சொன்னன், ஐயா."

இனி வாயை நம்பிப் பயனில்லை, செய்து காட்டிவிடலாம் என்று வினாயகமூர்த்தி தீர்மானித்தார். மழையில் நனைந்த, தார் போடாத கிறவல் வீதி வெறுமையாய்க் கிடந்தது. ஸ்டேரிங்கை ஒடித்து அக்சிலேற்றரை மிதித்தார். காரின் பின்பக்கம் அழகாய் வழுக்கியது. ஆனால் அவர் நினைத்ததைவிடக் கூடுதலாய்ச் சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றுவிட்டது. முதுகுப் பக்கம், கூப்பிடு தூரத்தில் சென்றி.

சென்றியைக் கண்டு திரும்பும் காரை யார் விடுவார்கள்? சிப்பாயொருவன் துவக்கை நீட்டியபடி ஓடிவந்தான். மூவரும் கையை உயர்த்திக்கொண்டு இறங்கினார்கள்.

"ஏன் திரும்பினீங்க எண்டு கேக்கிறான்," என்றாள் றம்லா.

"பின்சில்லு எண்டு சொல்லு."

"ஐயா, சுட்டுப்போடுவான்."

"உள்ளதைத்தானே சொல்றன். சொல்லு புள்ள."

பயத்தில் றம்லா அன்றுதான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். வழியெல்லாம் கேட்ட வாதம் முழுவதும் சிங்களத்தில் வந்தது. சிப்பாய் துவக்கைத் தாழ்த்தி யோசித்தான். அவனுடைய தகப்பன் மலைநாட்டில் கார் ஓடுபவராம். மழைக்கு முன்சில்லுதான் நல்லது என்று அடித்துச் சொன்னான். ஏற்றத்தில் அது சறுக்கும் என்று வினாயகமூர்த்தி, கையை இறக்காமலே மறுத்தார். கடைசியில் இருவரும் மொரிட்டாவைப் பார்த்தார்கள்; றம்லா வழக்கை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

மொரிட்டா செருமிக்கொண்டார். தன் கம்பனியில் அப்படியொரு பின்சில்லுக் காரைச் செய்வதா என்று கூடிப் பேசியபோது, வேண்டாம் என்றவர்களில் தானும் ஒருவர் என்றார். வாங்க ஆள் இருக்காது என்று நினைத்தாராம்.

வினாயகமூர்த்தியின் முகம் விழுந்துவிட்டது. "இப்ப என்ன நினைக்கிறார் எண்டு கேள்."

மொரிட்டா கிறவலில் கார் கீறிய பெரிய வட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"சந்தோசமாத்தான் இருந்ததாம். செய்திருக்கலாமாம்," என்றாள் றம்லா. "ஆனா தான் ஏறின நேரம் இனிமேல் இப்பிடிச் சுத்த வேண்டாமாம்."

அதன்பிறகு அந்தச் சென்றியில் மற்ற வாகனங்கள் ஐந்து நிமிடத்தில் போய்விடும். இவர்களுடைய காருக்கு மட்டும் அரைமணி நேரம் பிடித்தது. சிப்பாய் ஒவ்வொரு முறையும் முன்சில்லுக்குப் புதிய நியாயம் ஒன்றோடு காத்திருந்தான்.