மஞ்சள் பையும் என் சாட்சியும்

“…கூப்புட்டேன், அவன் வரலைன்னா சொன்ன, பாப்பா? மஞ்சப்பைய எடுத்துக்கினு, பாப்பாவுக்குக் கிளிஞ்சல் பொறுக்கியாறேம்மான்னு இல்ல எங்கிட்ட சொல்லிட்டுப் போனான்?”

ரஞ்சிதம் அத்தை இதைக் கோபமாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்கிற குரலில், பொரித்த அப்பளம் நிறைந்த கூடையை இடுப்பில் அணைத்தபடி, பந்தியில் குனிந்து என் காதோரமாகக் கேட்டாள். சூடான எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. 2008 கோடை விடுமுறையில், சிதம்பரத்தில் ஒரு சபை வளாகத்தில் பிள்ளைகளுக்காக நடந்த முகாம் அது. அரை மணி நேரம் முன்புதான் அதே பந்தலில், ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று நான் என் சாட்சியைச் சொல்லி முடித்திருந்தேன்.

எங்கள் சபைகளில் ‘சாட்சி’ என்றால், ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது. காய்ச்சல் விட்டதைச் சொல்வார்கள், மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்வார்கள், ஒரு தாத்தா தொலைந்த பசு திரும்பி வந்ததை நான்கு வருடம் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் சபை முழுக்க ‘ஸ்தோத்திரம்’ என்று ஒரு சத்தம் எழும். என்னுடையது சுனாமி சாட்சி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பதின்மூன்று வயதில் அவ்வளவு பேரை அழ வைத்த பெண் நான் ஒருத்திதான்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு ரஞ்சிதம் அத்தையுடையது. இரத்த உறவு கிடையாது, ஒரே சபை, ஒரே குழாயடி, அதனால் அத்தை. அவளுடைய ஒரே மகன் ஜோயல், என்னைவிட ஒரு வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் எனக்கு மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். ஜோயலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: என் தட்டிலுள்ள அப்பளத்தைக் கையால் ஓங்கி ஓர் அடி அடித்து நொறுக்கிவிட்டுத்தான் தன்னுடையதைத் தொடுவான். நான் ஊரைக் கூட்டுவேன். திட்டிப் பார்த்து, கிள்ளிப் பார்த்து அலுத்துப்போன அத்தை, கடைசியில் என் தட்டில் எப்போதும் இரண்டு வைக்கத் தொடங்கினாள். “ஒண்ணு அந்தக் கழுதை ஒடைக்கறதுக்கு, ஒண்ணு நீ திங்கறதுக்கு. இனிமே ரெண்டு பேரும் வாயத் தொறக்கக்கூடாது.”

2004ஆம் வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைக்கு வந்திருந்த ஜோயலின் மாமா, காலையிலேயே அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. என்னையும் அழைக்க அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். அம்மா விடவில்லை. “நேத்து பண்டிகையும் அதுவுமா கோயில்ல தூங்கி வழிஞ்ச. இன்னிக்காவது ஒழுங்கா வந்து உக்காரு. கடல் எங்கியும் ஓடிப்போவாது.” நான் புதுப் பாவாடையோடு தரையில் புரண்டு அழுதேன், முதுகில் இரண்டு வாங்கினேன். ஜோயல் வாசலைவிட்டு நகரவில்லை. “ஏய், உப்புமூட்ட மூஞ்சி, அழாதடி. நானும் போவல. சாய்ந்தரம் ரெண்டு பேருமா போலாம்” என்றான்.

நான்தான் சொன்னேன்: “வேணாம், நீ போ. எனக்குக் கிளிஞ்சல் எடுத்துக்கினு வா. பெருசா. ஒடையாததா.”

சரி என்று மஞ்சள் பை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். மாமா எப்படியோ ஒரு மரத்தைப் பிடித்துத் தப்பி வந்தார். ஜோயல் வரவில்லை.

அத்தை ஒரு வருடம் கோயில் பக்கமே வரவில்லை. வீடு தேடிப்போய் ஆறுதல் சொன்னவர்களில் சிலர் ஆறுதலைத்தான் சொன்னார்கள். சிலர், அன்றைக்கு ஆராதனைக்கு அனுப்பியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானே என்றும் சொல்லிவிட்டு வந்தார்கள். “கடல் சத்தம் கேக்காத ஊரா பாத்து போறேன்” என்று ஒருநாள் என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் சிதம்பரத்தில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றுக்குச் சமையலுக்குப் போய்விட்டாள்.

நான் சாட்சி சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதல் தடவை, கோயிலுக்கு வந்தேன், பிழைத்தேன் என்பதோடு உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். “கர்த்தரே உன் வாயில உக்காந்து பேசறாரும்மா” என்று ஒரு பெரியம்மா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அடுத்த ஊரில், கோயிலுக்குத்தான் போவேன் என்று நானே அடம்பிடித்ததாகச் சொன்னேன். அதற்கடுத்த ஊரில், என் சிநேகிதன் ஒருவனையும் கூப்பிட்டேன், அவன் வரவில்லை என்று சேர்த்தேன். அந்த இடம் வரும்போது கூட்டம் மொத்தமும் ‘த்சொ’ என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று என்பதை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது. அப்பா என்னை ‘நம்ம வூட்டு மைக் செட்டு’ என்று பெருமையாகக் கேலி செய்வார். அம்மா மட்டும் ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, “அப்பிடியாடி நடந்துச்சு?” என்றாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன், அவள் மறுபடி கேட்கவில்லை.

அந்தச் சிதம்பரம் முகாமில் சமைக்க ரஞ்சிதம் அத்தையின் விடுதியிலிருந்துதான் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டே அவள் ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டிருக்கிறாள்.

அன்றோடு சாட்சி சொல்வதை விட்டேன். தொண்டைக்கட்டு என்றேன், பரீட்சை என்றேன். சிதம்பரத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்தான், பஸ்ஸுக்கும் குறைவில்லை, ஆனாலும் அத்தையைப் பார்க்க மூன்றரை வருடம் நான் போகவில்லை.

2011 முடியும்போது ‘தானே’ புயல் வந்து எங்கள் கோயில் கூரையை ஓடு ஓடாகப் பிரித்துக்கொண்டு போனது. புத்தாண்டு காலை ஆராதனையில் தலைக்கு மேல் வெறும் வானம், ஈர பெஞ்சுகள், பீடத்தின் மேல் காக்கை. வீடிழந்தவர்களும் முந்திரித் தோப்பு இழந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். “போன வருசம் ஆண்டவர் செஞ்ச நன்மைய யாராவது சொல்லுங்க” என்று போதகர் கேட்டபோது ஒருவரும் எழவில்லை. வழக்கம்போல அவர் கண் என்மேல் வந்து நின்றது. நான் எழுந்தேன். அவன் பெயர் ஜோயல் என்றேன். கோயிலுக்கு வரமாட்டேன் என்று அழுதது நான். எனக்காகப் போகாமல் நின்றவன் அவன். கிளிஞ்சலுக்காக அனுப்பியது நான். இத்தனை வருடம் பொய் சொன்னேன், அவனைக் குற்றவாளியாக்கினேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ‘ஸ்தோத்திரம்’ எழவில்லை. போதகர் மட்டும் மெல்ல ‘ஆமென்’ என்றார். அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் கண்ணை மூடி ஜெபிக்க எனக்குப் பயமாக இல்லை.

அதைக் கேட்டிருக்க வேண்டியவள் அங்கே இல்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் சிதம்பரம் போனேன். அத்தை இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டு, திருப்பூரில் யாரோ உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். கொடுத்த எண்ணில் கைபேசி அணைந்தே கிடந்தது. விடுதியம்மா காப்பி கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். “வந்த புதுசுல ஜெப ரூமுக்குள்ள கால் வெக்க மாட்டாங்க ரஞ்சிதம்மா. வாசல்லயே நிப்பாங்க. நாங்க எவ்ளோ கூப்புட்டும் வரல. ஒருநாள் புதுசா சேந்த புள்ள ஒண்ணு ஜெபத்துல ஏங்கி ஏங்கி அழுதுச்சு. விறுவிறுன்னு உள்ள வந்து மடியில போட்டுக்கினாங்க. அப்பறம் அந்த எடத்த விடவேயில்ல. தெனம் நாப்பது சடை பின்னுவாங்க. யாருக்கும் சிக்கெடுக்காம விட்டதில்ல.”

இப்போது எங்கள் கோயிலுக்குக் கான்கிரீட் கூரை வந்துவிட்டது. எதிர்வீடு கைமாறி மாடி வீடாகிவிட்டது. அந்த விடுதியும் மூடிக் கிடக்கிறது. சாட்சி நேரம் என்று ஆராதனையில் தனியாக எதுவும் இல்லை, எழுதிக் கொடுத்தால் வாசித்துவிடுகிறார்கள். அத்தை எங்கிருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் அவனை அனுப்பினேன் என்கிற ஒரு வாக்கியம் மட்டும் சேர வேண்டிய காதில் சேராமல் என்னிடமே இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு முகாம் பந்தியில் குனிந்து அப்படிக் கேட்டபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள். நான் இலையைப் பார்த்தபடி இருந்தேன். வரிசையின் கடைசியிலிருந்து யாரோ, “அப்பளம் இந்தப் பக்கம் வரவேல்ல!” என்று கத்தினார்கள். அத்தை கூடைக்குள் கையை விட்டுத் தேடி, உடையாததாகப் பார்த்து ஒன்றை என் இலையில் வைத்தாள். மறுபடி தேடி, அதன்மேல் இன்னொன்றை வைத்தாள். பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.