நல்லாப் பேசினவர்

“எனக்குக் கொள்ளி வெக்க நீ வரவேண்டாம்டா. கரண்ட் சுடுகாட்டுல சுவிச்சு போடறதுக்குச் சம்பளத்துக்கு ஆளு இருக்குது!”

துடியலூரில் தன் லைன் வீட்டு வாசலில் நின்று செல்லாத்தாள் போட்ட சத்தத்தில், பக்கத்து மளிகைக் கடைக்கு வந்தவர்கள் சாமானை மறந்து திரும்பினார்கள். எதிரில் நின்றவன் நஞ்சப்பன், அவள் கொழுந்தன் மகன். செல்லாத்தாளுக்குப் புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. செத்தால் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். அதைச் சொல்லித்தான் மிரட்டினான்.

“அந்த அகதிக் குடும்பத்தைக் காலி பண்ணலீன்னா, உங்க சாவுக்குக்கூட எட்டிப் பாக்க மாட்டேனுங்க பெரியம்மா.” மிரட்டும்போதும் ‘ங்க’ போடத் தவறவில்லை.

அந்தக் குடும்பம் தவமலருடையது. இலங்கையில் வீட்டைக் கொளுத்தியபோது தப்பித் தோணியில் வந்தவள். அப்போது சின்னப் பிள்ளை. முகாமிலேயே வளர்ந்தாள், அங்கேயே பெயிண்டர் ஒருவனைக் கட்டினாள். மகள் பிறந்தது கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில். அந்தப் பெண்ணுக்கும் அகதி என்றுதான் பேர். இப்போது போலீஸில் பதிந்துவிட்டு வெளியே குடியிருக்கிறார்கள். ஊரெல்லாம் வீடு இல்லை என்று கை விரித்தபோது செல்லாத்தாள் கேட்டது ஒரே கேள்வி: “மோட்டாரைப் போட்டுட்டு மறந்து போவியா?” மாட்டேன் என்றாள் தவமலர். செல்லாத்தாள் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

நஞ்சப்பனுக்குப் பொறுக்கவில்லை. நாளைக்குத் தனக்கு வரப்போகிற வீடு. போலீஸ் வந்து போகிற இடம் என்று பேரானால் விலை போகுமா?

போன வாரம் செல்லாத்தாள் கோயிலுக்குப் போன நேரத்தில் அவன் வந்து போயிருந்தான். “உங்கிட்டப் பேசினானா?” என்று தவமலரைக் கேட்டாள்.

“ஓம் அம்மா. நல்லாப் பேசினவர்.”

செல்லாத்தாளுக்கு மனசு குளிர்ந்தது. பையனுக்குப் புத்தி வந்துவிட்டதென்று, அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய் ஊற்றி, தூக்குப்போசி நிறையக் கொடுத்தனுப்பினாள். அவனும் தின்றுவிட்டுப் போசியைக் கழுவாமல் திருப்பி அனுப்பினான்.

மறுநாள் பார்த்தால் தவமலர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“எங்க போற அம்மணி?”

“அவர்தானே மாசக் கடைசிக்குள்ள வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப் பேசினவர்.”

“நல்லாப் பேசினான்னியே!”

“ஓம். நாயே பேயே எண்டு நல்லாப் பேசினவர். எங்கட ஆக்களுக்குப் பேசுறது எண்டா திட்டுறது அம்மா. சும்மா பேசினா அது கதைக்கிறது.”

“அடக் கருமமே! திட்டினவனுக்கா நெய் ஊத்தினேன்!”

அதனால்தான் இன்றைக்கு அவனைக் கூப்பிட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

“கவர்மென்டே அவங்களைச் சேத்துக்கலீங்க. நீங்க எதுக்குங்க சேத்துக்கறீங்க?” என்றான் நஞ்சப்பன்.

“உம்பட புள்ள லோகப்பிரியா கனடாவுல சிட்டிசன் ஆயிட்டான்னு தெருவுக்கே லட்டு குடுத்தியல்ல? பொழைக்கப் பிளேன்ல போனவளுக்குக் கனடாக்காரன் நாடு குடுத்தான். உசுருக்குப் பயந்து தோணியில வந்தவளுக்கு நம்மாளு இன்னும் பேப்பரைப் பாக்கறான். கவர்மென்ட்டு சேத்துக்கலீன்னா அது கவர்மென்ட்டோட லட்சணம். இது எம்பட ஊடு.”

“லட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு,” என்றது கடைப்பக்கம் ஒரு குரல்.

“நீங்க உழுந்து கெடக்கறப்பத் தெரியுமுங்க,” என்று கேட் சாவியைச் சுழற்றிக்கொண்டே போனான் நஞ்சப்பன். விழுந்து கிடந்தால் வந்து திறக்க என்று அவளே கொடுத்த சாவி.

செல்லாத்தாள் நேராக மேட்டுப்பாளையம் ரோட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள். வந்து பழைய பூட்டைக் கழற்றி எறிந்தாள். புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைத் தன் இடுப்பில் செருகினாள். மற்றதைத் தவமலர் கையில் வைத்தாள்.

“காலையில நான் எந்திரிக்கலீன்னா கேட்டைத் தொறந்து உட்டுப்போட்டு, சுவிச்சுக்காரனுக்குப் போன் போடு. இப்பப் போய்ச் சாக்கை அவுரு.”

“ஓம்,” என்றாள் தவமலர்.

பூட்டுக்குக் கடைக்காரன் எழுநூறு சொன்னான். செல்லாத்தாள் அவனிடம் நல்லாப் பேசினாள், தவமலர் ஊர்ப் பேச்சு. அறுநூற்றுப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தான்.