வாளியில் ஊற்றிய தண்ணீர்

ஆராய்ச்சி மாணவி கௌரி, செல் வளர்க்கும் பிளாஸ்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணை, இது புது மீடியமெல்லோ? பழசு எங்கை?”

“கழிவு கொட்டுற குளோரின் வாளியில ஊத்திட்டேம்மா. செல்லெல்லாம் பத்திரமா இருக்கு,” என்றேன், பெருமையாகத்தான்.

“ஐயோ! எனக்கு வேண்டியது அந்தத் தண்ணிதான்!”

பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் அப்போது எனக்கு இருபத்திரண்டு வருட டெக்னீஷியன் வேலை. மீடியம் என்பது செல்களுக்கு நாங்கள் கொடுக்கும் சாப்பாட்டுத் திரவம். பழசை ஊற்று, புதுசை விடு, செல்லைக் காப்பாற்று. முதல் நாள் படித்த பாடம் அது. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் பத்திரப்படுத்தச் சொன்னால் யாருக்கு விளங்கும்?

அன்று புதன்கிழமை. திங்களன்று முடிவைக் காட்டாவிட்டால் அவளுக்குக் கால நீடிப்பு கிடையாது. மூன்று வருடப் படிப்பு அதோடு சரி.

“செல்லுகள் தண்ணிக்குள்ளை புரதங்களை விடும் அண்ணை. வீக்கத்தைக் கூட்டுறதும் இருக்கு, குறைக்கிறதும் இருக்கு, புண்ணை மூட வைக்கிறதும் இருக்கு.”

“வீக்கம் கெட்டதுதானே?”

“முதல்லை வேணும். கன நாள் நிண்டால் புண் ஆறாது.”

“அப்ப ஒரே புரதம் நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யுமா?”

“ஓம்.”

அந்த ‘ஓம்’ என்னை இன்னும் குழப்பியது.

நல்லகாலம், செல்கள் உயிரோடு இருந்தன. அவற்றைக் கழுவி, வெளிப் புரதம் எதுவும் சேராதபடி சீரம் கலக்காத மீடியம் விட்டோம். இரண்டு நாள் காத்திருந்து, வெள்ளிக்கிழமை அந்தத் தண்ணீரை நானே எடுத்தேன். கௌரி, தோல் செல்கள் படர்ந்த இரண்டு தட்டுகளில் பிப்பெட் நுனியால் தட்டுக்கொரு கோடு கீறினாள். அதுதான் காயம். ஒன்றில் வெறும் மீடியம், மற்றதில் அந்தத் தண்ணீர்.

சனிக்கிழமை குட்ஷெட் பஸ் நிலையத்தில் முதல் பஸ் பிடித்துப் போனேன். கௌரி ஏற்கெனவே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

“நீங்களே பாருங்கோ அண்ணை.”

முதல் தட்டில் கீறல் அப்படியே வாய் பிளந்து கிடந்தது. இரண்டாவதில் கீறலைத் தேட வேண்டியிருந்தது. நான் நிமிர்ந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திங்களன்று நீடிப்பு கிடைத்தது. அந்தப் புரதம் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகப் பிடிபடவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: எதையும் ஊற்றுவதற்கு முன் கேளுங்கள். இருபத்திரண்டு வருடம் நான் கேட்கவே இல்லை. அந்த வாளியில் என்னென்ன போனதோ!