கழுத்தளவு வாய்க்கால்

எங்கள் ஊர்க் கூட்டம் வழக்கமாகப் பிள்ளையார் கோயில் வாசலில்தான் நடக்கும். அந்த வருடம் மட்டும் கடைத்தெருவில், மளிகைக் கடை பாயின் டெலிபோன் பூத் வாசலில் நடந்தது. நன்னிலம் பக்கத்து ஊர்களில் அப்போது ஆம்பிளைகள் பாதிப் பேர் துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் துபாயில், எங்கள் ஊர் ஆட்களோடு ஒரே அறையில் தங்கிக் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அவர்களும் போனில் பேசட்டும் என்று கூட்டத்தையும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றியாகிவிட்டது.

கூட்டம் வாய்க்காலைப் பற்றியது. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாருவது ஊர்ப் பொது வேலை. தலைக்கட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். கல்யாணமான ஆம்பிளை ஒவ்வொருவரும் ஊருக்கு ஒரு தலைக்கட்டு. ஆள் வெளிநாட்டில் இருந்தால் அந்த வீடு கூலிக்கு ஆள் விட வேண்டும். கூலிக்கு வந்துகொண்டிருந்தவர்களும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கிளம்பிப் போனபிறகு, எல்லோரிடமும் காசு இருந்தது, மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லை. வாய்க்கால் முழுக்கக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது.

எங்கள் நிலம் கடைமடை. வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சி மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. முந்தின போகம் நாற்றங்காலிலேயே கருகிப் போனது. விசாவைப் புதுப்பித்துக்கொண்டு அவர் அங்கேயே தங்கிவிட்டார். இந்தத் தடவை போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "சம்பா கைக்கு வந்துட்டா தையில வந்துடறேன். திரும்பப் போகலை. சத்தியமா." எனக்குத் தண்ணீர் வேண்டும். அவ்வளவுதான். ஊர் முன்னேற்றம், பொதுநலம் என்றெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை.

துபாய்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு பொக்லைன் வைப்பதாகச் சொன்னார்கள். நாட்டாமை மாமா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பேசுவதை எல்லாம் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். கோயிலில் குறி சொல்கிற ஆள் மாதிரி இருந்தது பார்க்க.

"எவ்வளவு ஆழம் வெட்டணும்னு கேக்கறாங்கப்பா மெஷின்காரங்க. என்ன சொல்றீங்க?"

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியது வெளியே நின்ற எனக்கே கேட்டது. பாலத்தடியில் குதித்தது, எருமை வாலைப் பிடித்து நீந்தியது, எல்லாம் வந்தது. கடைசியில் நாட்டாமை ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அவங்க குளிக்கறப்ப கழுத்தளவு தண்ணி நின்னுதாம். அதே மாதிரி கழுத்தளவு வேணுமாம்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் தலையாட்டினோம்.

பொக்லைன் ஓட்ட வந்தவர் வெளியூர்க்காரர். அவருக்குக் கழுத்தளவு என்றால் புரியவில்லை. "யாரு கழுத்துங்க?" என்று கேட்டார். நாட்டாமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோண்டிய இடத்தில் தானே இறங்கி நின்றார். ஊரிலேயே உயரமான ஆள் அவர்தான். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கையைக் காட்டிக்கொண்டே தலைப்பு மதகிலிருந்து கடைமடை வரை நடந்தார். ஆளுக்கு ஆள் கரையில் நின்று ரசித்தோம். போட்டோ எடுத்து துபாய்க்கு அனுப்பினார்கள். அந்த அறைச் சுவரில் எங்கள் வாய்க்கால் படம் ரொம்ப நாள் ஒட்டியிருந்ததாம்.

ஆடியில் தண்ணீர் வந்தது. மேளம் வைக்காத குறையாக ஊரே கரைக்குப் போய் நின்றது. தண்ணீர் அது பாட்டுக்குப் போனது. எங்கோ கீழே, அடியில், ஒரு வம்பு தும்பும் இல்லாமல் போனது. வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாய்மடை எல்லாம் மேலே உயரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. வாய்க்கால் தரை இறங்கிவிட்டது, வயல் இறங்கவில்லை. வருகிற தண்ணீரோ வருகிற அளவுதான்.

எல்லோரும் பொக்லைன்காரரைத் திட்டினார்கள். பாவம், அவர் அப்போது எந்த ஊரில் இருந்தாரோ.

அந்த வெள்ளிக்கிழமை போனில் என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்: "ஆழமா வெட்டினா தண்ணி கூடத்தானே வரும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரிசீவர் உடையாமல் தப்பித்தது. "நீங்க அந்த வாய்க்கால்ல குளிச்சப்ப உங்களுக்கு என்ன வயசு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்:

"அரைக்கால் டவுசர் போட்ட வயசுல கழுத்தளவு. நாட்டாமை மாமா கழுத்துக்கு வெட்டி வச்சிருக்காங்க."

அவர் அறையில் இருந்தவர்களிடம் அதைச் சொல்வது கேட்டது. "இப்ப என்ன பண்றது?" என்றார் மெதுவாக.

"எல்லாரும் வந்து வாய்க்கால்ல இறங்கி நில்லுங்க. தண்ணி ஏறும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாய் அதிராம்பட்டினத்துக்காரர். அவரும் சவுதியில் இருந்துவிட்டு வந்து எங்கள் ஊரில் மளிகைக் கடையும் பூத்தும் வைத்திருந்தார். நிலம் கிடையாது, அதனால் வாய்க்கால் சண்டையில் அவருக்குப் பக்கமும் கிடையாது.

மேல்மடைக்காரர்கள் அவரவர் வயலுக்கு நேராக, தென்னை மட்டையும் வைக்கோலும் சேறும் போட்டு வாய்க்காலின் குறுக்கே கட்டு கட்டினார்கள். கட்டினால் தண்ணீர் தேங்கி உயரும், வாய்மடைக்கு ஏறும். ஆனால் அந்த ஆழத்துக்கு ஒரு வீட்டு ஆட்கள் கட்டுகிற கட்டு எப்படி நிற்கும்? சாயங்காலம் கட்டினால் காலையில் அடித்துக்கொண்டு போயிருக்கும். நிற்கிற வரைக்கும் எங்களுக்கு வருவது நின்றது, உடைந்தால் வருவது நிற்காமல் ஓடி வடிகாலில் விழுந்தது. எங்கள் நாற்றங்கால் வெடிப்பு விட ஆரம்பித்தது.

நாட்டாமை மறுபடி கூட்டம் போட்டார். மேலே ஒரு பெரிய கட்டு கட்ட வேண்டும், தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்றார். பெண்கள் நாங்கள் ஓரமாக நின்றிருந்தோம். எங்களுக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது. நான் முன்னால் போனேன்.

"ஆள் எங்க மாமா இருக்கு? நாங்கதான் இருக்கோம். நாங்க வர்றோம்."

"பொம்பளைங்க வாய்க்கால் வேலைக்கா? நடவுக்குப் போறதுன்னு நெனச்சியாம்மா?"

"வர்றோம். ஆனா கட்டு கடைசியில முதல்ல கட்டணும். எங்களுக்குப் பாஞ்சதும் அதுக்கு மேல ஒண்ணு. அப்படியே கீழேர்ந்து மேல ஏறி வருவோம்."

யாருக்கும் புரியாத யோசனை இல்லை இது. கடைசியில் அடைத்தால் தண்ணீர் வீணாக வடிகாலுக்குப் போகாது என்பது மாடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும். மேல்மடைக்காரர்கள் அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் அவர்கள் காத்திருக்க வேண்டும்.

"அப்ப மேல்மடைக்காரன் உங்களுக்கு அப்புறம் பாய்ச்சணுமா? எந்த ஊர் வழக்கம் இது?" என்றார் ஒருவர்.

"நாங்க எத்தனை வருஷமா உங்களுக்கு அப்புறம் நிக்கிறோம்? ஒரு வருஷம் நின்னு பாருங்களேன்."

சத்தம் பெரிதானது. பாய் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நாட்டாமை, உங்க வயல் கட்டு நேத்தும் உடைஞ்சுது. வேலைக்கு ஆள் எந்தப் பக்கம் நிக்குதோ அந்தப் பக்கம் பேசி முடிங்க. காலி அரிசிச் சாக்கு எத்தனை வேணும்னாலும் நான் தர்றேன்."

நாட்டாமை எங்களை ஒரு தடவை எண்ணுவது போலப் பார்த்தார். பிறகு, "சரி, கடைசிலேர்ந்தே கட்டுங்க" என்றார். அந்த மனுஷனை நான் என்ன திட்டினாலும், அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னார்.

மறுநாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். கரை மண்ணை வெட்டிச் சாக்கில் நிரப்பிக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். மூங்கில் முளை அடிக்க எங்களுக்கு வரவில்லை. கரையில் வேடிக்கை பார்த்த மேல்மடை ஆம்பிளைகள் கொஞ்ச நேரம் யோசனை சொன்னார்கள். அப்புறம் பொறுக்க முடியாமல் அவர்களும் இறங்கிவிட்டார்கள். சாக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் நான் நின்றேன். கட்டு உயர உயரத் தண்ணீரும் உயர்ந்தது. நான் குள்ளம். என் கழுத்துக்குத் தண்ணீர் வந்தது. துபாய்க்காரர்கள் கேட்ட கழுத்தளவு இதுதான் என்று சொன்னேன். பெண்கள் எல்லாம் சிரித்த சிரிப்பில் ஒரு சாக்கு கை நழுவிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் எங்கள் வாய்மடையில் தண்ணீர் ஏறியது. நாற்றங்காலின் வெடிப்பு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்ததைப் பார்த்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் வந்துவிடுவார் என்று அழுதேன்.

அதற்கு மேலே அடுத்த கட்டு, அதற்கு மேலே இன்னொன்று. எங்கள் வயல் பாய்ந்ததும் கடைமடைப் பெண்களில் சிலர் நழுவப் பார்த்தார்கள். அவர்களை வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிக்கொண்டு வந்தேன். எல்லோருக்கும் மேலே இருந்த நாட்டாமை வயலுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் ஏறியது. தாமதமாக நட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாரே தவிர, நாங்கள் கட்டியதன் மேல் கை வைக்கவில்லை.

தையில் அறுத்தோம். அந்த நிலத்தில் அப்படி ஒரு விளைச்சலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பூத்துக்கு ஓடினேன். நான் சொல்லச் சொல்ல அவர் அறையில் இருந்தவர்களுக்குச் சொன்னார். அவர் குரலில் அவ்வளவு பெருமை.

"நீதான் எல்லாத்தையும் பாத்துக்கறியே. எனக்கு இனிமே கவலையே இல்ல" என்றார். "இங்க கம்பெனியில விசா புதுப்பிச்சுத் தர்றேங்கறான். இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துடறேன்."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? விளையவில்லை என்று ஒரு தடவை தங்கினார், விளைந்துவிட்டது என்று இன்னொரு தடவை. வீடு வரை அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த சித்திரையில் கூட்டம் பழையபடி கோயில் வாசலுக்கு வந்தது. நாட்டாமை ஒவ்வொரு தலைக்கட்டாகக் கூப்பிட்டார். எங்கள் வீட்டு முறை வந்ததும் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"வந்திருக்கியாம்மா?"

"வந்திருக்கேன் மாமா."

"அப்ப இனிமே உன்னையே ஒரு தலைக்கட்டா வச்சுக்கறேன்."

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அதுவரை அது கிடைத்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என் முதுகில் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து "வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும் என்றுதான் நான் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன்.