மேலிருந்து வந்த பதில்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கணவர் வேலை பார்க்கும் கலை மையத்துக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல்முறை. மருந்துக்கடையில் அவளுக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் இங்கே நாடகம் இருக்காது. நாடகம் இருக்கும் நாளில் கடையில் கூட்டம் அள்ளும். போதாததற்கு அவரும் கூப்பிட்டதில்லை. "என்ன பெரிய வேலை, திரையை இழுக்கிற வேலை. அதை வேற வந்து பாக்கணுமாக்கும்" என்பார். அவளும் திரை இழுக்கிறவர் பெண்டாட்டியாகவே காலத்தை ஓட்டிவிட்டாள்.

மனுஷர் தங்கம். குடி கிடையாது, வம்புதும்பு கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பேர் மேல்மாடி. எந்நேரமும் மேடைக்கு மேலே இருப்பதால்தான் அந்தப் பேர், தலைக்குள் காலி என்பதால் இல்லை என்று அவரே விளக்கம் சொல்லிச் சிரிப்பார். ஒரே ஒரு குறை. ஒரு வருஷமாக அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

வீட்டிலேயே அது லேசில் பிடிபடவில்லை. காது மந்தமானவர்கள் 'என்ன, என்ன' என்று கேட்டுக் கழுத்தறுப்பார்கள். இவர் அப்படிக் கேட்பதே இல்லை. எதற்கும் 'சரி' என்று சொல்லிவிடுவார். நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா? சரி. மகள் போன் பண்ணினாளா? சரி. முதலில் குறும்பு என்று நினைத்தாள். போகப்போகத்தான் புரிந்தது. காதில் விழுந்திருந்தால் வெடுக்கென்று ஒரு 'சரி' வரும். விழாவிட்டால் 'சரீ' என்று கொஞ்சம் இழுவையாக வரும். டாக்டரிடம் போகலாம் என்று காதருகே கத்தினாள். "எனக்கென்ன கிழடு தட்டிப்போச்சா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். திரை இழுக்கக் காது எதற்கு என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படி விட்டிருக்கக் கூடாது.

மையத்தைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். மருந்துக்கடையும் அன்று அடைப்பு. அவளே கிளம்பி வந்து வரிசையில் நின்றாள். மேடை மேனேஜர் என்று கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனாள். முதலில் கண்காட்சிக் கூடம். வெள்ளைச் சுவர், யாராவது இருமினால்கூட எதிரொலிக்கிற அமைதி. அங்கே வேலை பார்ப்பவர்களைப் படம் எடுத்து மாட்டியிருந்தார்கள். கடைசிப் படம் அவருடையது. வரிசையாகத் தொங்கும் தடித்த கயிறுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, கண்ணைச் சுருக்கிக் கீழே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இதெல்லாம் திரைக் கயிறுங்களா?" என்று மேனேஜரைக் கேட்டாள்.

"திரையா? அது பட்டனைத் தட்டினா தன்னால ஓடும்மா. இது விளக்கு மாட்டுற இரும்புக் கம்பியை ஏத்தி இறக்குற கயிறு. நாலு பேர் சேர்ந்தாலும் ஒரு கம்பியைத் தூக்க முடியாது. எதிர்ப்பக்கம் எடை கட்டி, அதை மேல இருந்து இவர்தான் விடுவார்."

"கீழ ஆளுங்க நிப்பாங்களே?"

"நிப்பாங்க. மேல இருந்து அவருக்கு எல்லாம் தெரியாது, விளக்கு கண்ணைக் கூசும். நான் இடது ஓரத்துல நின்னு கையைக் காட்டுவேன், குரலும் குடுப்பேன். அவர் பதில் குடுப்பார். அந்தப் பதிலை நம்பித்தான் கீழ எல்லாரும் தலையைக் குடுத்துட்டு நிக்கிறோம்."

இந்த ஒரு வருஷமும் அவர் மேனேஜரின் கையைப் பார்த்தே சமாளித்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் அவர் வேலைக்கு உலை. மேலே ஏறுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. இன்றைக்கு நாடகம்தான் கிடையாதே, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"வாங்க, ஒரு கம்பியை இறக்கிக் காட்டச் சொல்றேன்" என்றாள் மேனேஜர்.

அரங்கத்துக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. சுவரெல்லாம் கறுப்பு. கூட்டத்தை மேடையின் இடது ஓரத்தில் ஒண்டச் சொன்னார்கள். மேனேஜர் வழக்கமாக நிற்கிற இடம் அது. அவள் அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலிக்கிற உயரத்தில் இரும்புச் சல்லடைத் தளம் ஒன்று, அதன் வழியாக அவருடைய பூட்ஸின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை. மேனேஜர் மேடை நடுவே போய்க் கையை உயர்த்தி, "கம்பி வரலாம்!" என்று குரல் கொடுத்தாள்.

"சரி!"

வெடுக்கென்று வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. மேனேஜர் திரும்பி வந்து கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டாள். மேலே இருட்டிலிருந்து விளக்குகள் தொங்கும் நீளமான கம்பி சத்தமில்லாமல் இறங்க ஆரம்பித்தது. எல்லோரும் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பருத்த ஆள் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு மேடை நடுவுக்கே நடந்துபோனார். படம் எடுக்கிறாராம். அண்ணாந்தால் தலைக்கு மேலே வருவது தெரிந்திருக்கும்; அவரோ கூட்டத்தையும் காலி நாற்காலிகளையும் படம் பிடிப்பதில் குறியாக இருந்தார் என்று பிற்பாடு அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

"நிறுத்துங்க!" என்று மேனேஜர் கையைக் காட்ட இடமில்லாமல் கூட்டத்துக்கு நடுவிலிருந்தே கத்தினாள்.

"சரீ..."

பதில் வந்துவிட்டது. மேனேஜரின் தோள் தளர்ந்தது. "சார், தள்ளி வாங்க" என்று நிதானமாகக் கூப்பிட்டாள். அந்த அரங்கத்தில் அத்தனை பேரும் அந்தப் பதிலை நம்பினார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் ஓடினாள். ஓடிய வேகத்தில் அந்த ஆளின் மேல் மோதி, இரண்டு பேருமாக உருண்டு விழுந்தார்கள். கம்பி நிற்கவில்லை. அந்த ஆள் நின்ற இடத்தில், அவருடைய நெஞ்சு இருந்திருக்க வேண்டிய உயரத்துக்கு வந்து, அதன் பிறகுதான் நின்றது.

கொஞ்ச நேரத்தில் ஏணியில் மேல்மாடி இறங்கி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "நீ எப்ப வந்தே? பாத்தியா, எப்படி இறங்குச்சு!"

மேனேஜரின் முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, நிறுத்தச் சொன்னேனே" என்றாள். பிறகு, அந்த நல்ல பெண், தானே ஒரு வழியும் எடுத்துக் கொடுத்தாள். "கூட்ட இரைச்சல்ல கேக்கலையோ என்னவோ. இல்லீங்களாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். முழங்கை எரிய எரிய அவள் எழுந்து நின்றாள். கதவுக்கு வெளியே அடுத்த கூட்டம் வந்து நின்றுகொண்டிருந்தது. அதில் ஒருத்தி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இவள் கணவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. கத்தித்தான் ஆக வேண்டும்.

"உங்களுக்குக் காது போயிடுச்சுங்க! இனிமே மேல ஏறாதீங்க!"

அவளுடைய குரல் காலி நாற்காலிகள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு போய்விட்டது. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவளிடம் குனிந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, உரக்கக் கேட்டார்.

"எல்லாருக்கும் கேட்டுருச்சா?"