சொல்லிக்கொள்ளாமல் போகிற ஊர்

'மங்கம்மாள், நெல்லிமேடு. விதவை. பேச்சு கிடையாது. புத்தி சுவாதீனமில்லை. காலராவுக்குப் பின் பிறருடன் பழகும் திறனை இழந்தவர். அபாயமற்றவர்.'

எழுபத்தாறாம் வருஷம், நோய் போன பிறகு ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஜவ்வாது மலை ஏறி வந்த சுகாதார ஆய்வாளர் இப்படி எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதியபோது மங்கம்மாளின் புருஷன் லட்சுமணன் நாலடி தள்ளி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான்.

"புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டார் ஆய்வாளர். கட்டினவன் பேரைப் பெண்சாதி சொல்வதாவது? மங்கம்மாள் வாயை இறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் தாடையை ஆட்டினாள். ஆய்வாளர் கண்ணில் ஆடுதான் பட்டது. விதவை என்பதையும் புத்தி சுவாதீனமில்லை என்பதையும் ஒரே மூச்சில் எழுதினார்.

மற்றதை ஊர் சிரித்துக்கொண்டு விட்டுவிடும். அபாயமற்றவர் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாது.

உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலரா, அதற்கு இரண்டு வருஷம் முன்பு, அடிவாரத்து ஒடுகத்தூருக்குப் புளி விற்கப் போய்த் திரும்பியவர்களோடு மலை ஏறியது. பக்கத்து வீட்டு அருணகிரிக்கு வாந்திபேதி கண்டதும் மங்கம்மாள் கஞ்சித் தண்ணீர் கொண்டுபோனாள். அவன் சுருண்டு கிடந்தான். தூங்கட்டும் என்று வாசலுக்கு வந்து, "போய்ட்டு வர்றேன் அம்சா" என்று வழக்கம்போல் சொன்னாள். பேச்சு கிடையாது என்று எழுதப்பட்டவளுக்குத் தெருக்கோடி வரை கேட்கிற குரல். அருணகிரி அப்போதே செத்துப்போயிருந்தான். அது அவளுக்கும் தெரியாது, அவன் பெண்சாதி அம்சவல்லிக்கும் தெரியாது.

சாவு வீட்டில் வர்றேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் சாவு திரும்பி வரும். வந்தது. அம்சவல்லியின் கைக்குழந்தையை எடுத்தது. பிறகு வீட்டுக்கு ஒருவராகப் பொறுக்கியது.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்களின் ஜீப் வந்தது. ஊற்றில் வெள்ளைப் பொடி போட்டார்கள், ஊசி குத்தினார்கள், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். நோய் இறங்கிப் போனது. பயத்துக்குப் போட அவர்களிடம் பொடி இல்லை. இப்போது எல்லா வீடும் சாவு வீடு. எங்கேயும் வர்றேன் என்று சொல்ல முடியாது. சொல்லாமல் கிளம்பினாலோ, உன் வீடு சாவு வீடு என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இதற்கு நெல்லிமேடு சுலபமான வழி ஒன்று கண்டது. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

மரியாதை தெரிந்த ஊர். அந்த மரியாதை கெடாமல், ஆய்வாளர் போன மறுமாதம், கடைசி வீட்டுக் கண்ணாயிரம் தனியாகச் செத்தார். நோயில்லை. தனக்கு மட்டும் களி கிண்ட மனமில்லாமல் அடுப்பை மூட்டாமல் விட்டவர். நாற்றம் வந்துதான் கதவைத் திறந்தார்கள்.

அவரைப் புதைத்த அன்று மங்கம்மாள் அம்சவல்லியின் கூரையைப் பார்த்தாள். புகை இல்லை. நேற்றும் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. களியை உருட்டிச் சட்டியில் போட்டுக்கொண்டாள்.

"அங்க நீ போன தடவ சொன்னது பத்தலியா?" என்றான் லட்சுமணன். "ஊரு இன்னா பேசும்?"

"இத்தினி நாளா பேசாததையா பேசப்போவுது?"

அம்சவல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்ணீர்ப் பானை காய்ந்து கிடந்தது.

"உன் வாய்தான்க்கா என் வூட்ட அழிச்சுது."

இரண்டு வருஷமாக மங்கம்மாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "என் வாயப் பத்தி அப்பால பேசலாம்மே. இப்ப உன் வாயத் தொற."

அம்சவல்லி இரண்டு வாய் விழுங்கினாள். மூன்றாவதைத் தள்ளிவிட்டாள்.

மங்கம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். அம்சவல்லி தலையைத் தூக்கி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் போனால் அந்த வீட்டுக்குத் திரும்ப வர முடியாது.

"போய்ட்டு வர்றேன் அம்சா." குரல் தெருக்கோடிக்குப் போகவில்லை. நிலைப்படியைத் தாண்டியிருந்தால் அதிகம்.

"சொல்லிட்டியா," என்றாள் அம்சவல்லி. "இந்தத் தடவ யாரு வரப்போறாங்க?"

"நான்தான். வேற யாரு கீறாங்க?"

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. லட்சுமணன் அன்று அவளோடு பேசவில்லை. இராத்திரி மங்கம்மாள் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தபடியே தூங்காமல் படுத்திருந்தாள்.

அம்சவல்லி அவளை மன்னித்ததாகத் தகவல் இல்லை. மறுபடி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக ஆரம்பித்த பிறகும் ஊரில் பாதிப்பேர் வாயைத் திறக்காமல்தான் கிளம்பினார்கள். மங்கம்மாள் மறுநாள் களியோடு அந்த வீட்டுக்குப் போனாள். கிளம்பும்போது வர்றேன் என்றாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.